பைத்தானில் கோப்புத் தகராறு: அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஆலய அலுவலகம், டியூஷன் மையம், சிறிய கணக்கர் நிறுவனம் என்று எங்கே போனாலும், யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பைத்தான் நிரல் ஓடிக்கொண்டிருக்கும். ரசீது போடும், உறுப்பினர் பட்டியலைப் பிரிக்கும், படங்களைப் பென்டிரைவில் ஏற்றும். எழுதியவரின் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியதுதான். அலுவலகக் கணினிக்குப் போனதும் சண்டித்தனம் ஆரம்பமாகும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றே. ஓப்பன், பாத்லிப், ஷட்டில், டெம்ப்ஃபைல், சிஎஸ்வி, ஜிப்ஃபைல் போன்ற சாதனங்கள், நாம் சொல்லாமல் விட்டதை எல்லாம் அந்தந்தக் கணினியிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளும். எழுத்துக் குறியாக்கம் (எந்த எழுத்தை எந்தப் பைட்டாகச் சேமிப்பது என்ற அட்டவணை), வரி முடிவு, நடப்புக் கோப்புறை, நேர மண்டலம் எல்லாமே அப்படித்தான். கணினி மாறினால் பதிலும் மாறும். ஆகவே கீழே உள்ள வைத்தியம் பலவும், விட்டதைச் சொல்லிவிடுவதுதான்.

ஆணைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், பெரும்பாலும் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பைட்ஸ்ஐஓ, நேம்ட்டெம்பரரிஃபைல் போன்ற சிலவற்றில் மட்டும் பேரெழுத்தும் கலந்து வரும்.

அறிகுறி: ‘சார்மேப்’ கோடெக்கால் படிக்க முடியவில்லை, பைட் 8டி

தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது விண்டோஸில் வரும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான். கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் இருக்கிறது. ஆனால் குறியாக்கம் சொல்லாமல் திறந்ததால், பைத்தான் விண்டோஸின் பழைய மேற்கத்திய அட்டவணையான 1252ஐக் கொண்டு படிக்கப் பார்க்கிறது.

அந்த அட்டவணையில், பதினாறடிமான எண்ணில் சொன்னால், ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழின் புள்ளி யூடிஎஃப்-8இல் 8டி என்ற பைட்டில் முடிகிறது. உகரக் குறி 81இல், ‘ஏ’ 8எஃப்பில், ‘ஐ’ 90இல். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வாக்கியம் அபூர்வம் என்பதால், உண்மையான கோப்பு உடனே மாட்டிக்கொள்ளும்.

விஷமம் சோதனைத் தரவில் இருக்கிறது. ‘கமலா’, ‘மீரா’, ‘பாலா’ என்று நாலு பெயர் போட்டுச் சோதித்தால் பிழையே வராது. காலி இடத்தைத் தொடும் எழுத்து எதுவும் அவற்றில் இல்லை. திரையில் மட்டும் மேலே கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று குப்பையாக வரும். ‘பினாங்கு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், நிரல் விழுந்துவிடும். சோதனைக்கு எப்போதும் ‘ஏ, ஐ, கு, க்’ நான்கும் உள்ள ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைச் செய்தியில் ‘சார்மேப்’புக்குப் பதில் ‘ஜிபிகே’ என்று வந்தாலும் குழம்ப வேண்டாம். பழைய சீன மொழிக் கணக்கு மென்பொருள் ஓடுவதற்காக, யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியை யாரோ சீனத்துக்கு மாற்றியிருப்பார்கள். பினாங்கில் இது கேட்டுப் பழகிய கதை. அந்தக் கணினியின் அட்டவணை 936. நோய் அதேதான், பெயர் வேறு.

வைத்தியம்: ஓப்பன், ரீட்_டெக்ஸ்ட், ரைட்_டெக்ஸ்ட் எல்லாவற்றிலும் என்கோடிங் என்ற இடத்தில் ‘யூடிஎஃப்-8’ என்று கொடுங்கள். பிறர் எழுதிய பெரிய நிரலைத் திருத்த நேரமில்லை என்றால், பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியை 1 ஆக்குங்கள். 3.7 பதிப்பு முதல் இது இருக்கிறது. மாறியின் உண்மைப் பெயரில் பைத்தான் என்பதும் யூடிஎஃப் என்பதும் பேரெழுத்தில், இடைவெளி இல்லாமல் வரும். 3.10 முதல், ‘வார்ன்_டீஃபால்ட்_என்கோடிங்’ என்ற எக்ஸ் தேர்வோடு நிரலை ஓட்டினால், குறியாக்கம் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வரியையும் காட்டிக் கொடுக்கும். 3.15 பதிப்பில் யூடிஎஃப்-8தான் இயல்பு என்று முடிவாகிவிட்டது. அதுவரை அலுவலகங்களில் 3.8உம் 3.9உம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எழுதும்போது வரும் இதே பிழை இன்னும் ஆபத்து. ‘டபிள்யூ’ முறையில் திறந்த கணமே பழைய கோப்பு காலியாகிவிடுகிறது. அதன் பிறகுதான் எழுத முடியவில்லை என்ற பிழை வரும். பிழையும் வந்தது, பழைய பட்டியலும் போனது.

பிழையை அடக்க எர்ரர்ஸ் என்ற இடத்தில் ‘இக்னோர்’ என்று போடச் சொல்பவர்கள் உண்டு. போடாதீர்கள். புள்ளிகளும் உகரங்களும் சத்தமில்லாமல் மறையும், திரும்பக் கிடைக்காது. வெறும் குப்பையாகத் தெரியும் கோப்பை மீட்கலாம்: 1252இல் என்கோட் செய்து, யூடிஎஃப்-8இல் டிகோட் செய்தால் தமிழ் திரும்பும். காலி இடங்களைத் தொட்டுச் சேமித்த குப்பை என்றால் அது நடுவில் உடையும். அதற்கு எஃப்டிஎஃப்ஒய் என்ற நூலகம் இருக்கிறது, காலி இடங்களையும் பொறுத்துப்போகும் ஒரு 1252ஐத் தன்னிடம் வைத்திருக்கிறது. கேள்விக்குறியாகிப் போனதை மட்டும் எவராலும் மீட்க முடியாது.

அறிகுறி: எக்செல்லோடு ஒத்துப்போகவில்லை

இதில் நான்கு தனித்தனித் தகராறுகள் இருக்கின்றன.

முதல் பத்தியின் பெயரைக் கேட்டால் கீஎர்ரர் (அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை) வருகிறது, இரண்டாவது பத்தி சரியாக வருகிறது என்றால், கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளம் இருக்கிறது. எக்செல்லில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்தால் அது சேரும். பத்தியின் பெயர் ‘பெயர்’ அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தும் ‘பெயர்’உம். ரெப்ர் கொண்டு அச்சிட்டால் தெரியும். ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற குறியாக்கத்தில் படியுங்கள். அடையாளம் இருந்தால் நீக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

நிரல் எழுதிய சிஎஸ்வியை இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறந்தால் தமிழ் குப்பை என்றால், இங்கே அதே அடையாளம் இல்லாததுதான் குறை. எழுதும்போதும் ‘யூடிஎஃப்-8-சிக்’ கொடுங்கள். எக்செல்லுக்குப் போகும் கோப்புக்கு மட்டும் கொடுங்கள். வேறு நிரல் படிக்கப்போகும் கோப்புக்கு அது தொல்லை.

ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி வருகிறதா? விண்டோஸில் சிஎஸ்வி ரைட்டர் தானே வரி முடிவைப் போடும். ஓப்பனும் தன் பங்குக்கு ஒன்று சேர்க்கும். திறக்கும்போது நியூலைன் என்ற இடத்தில் வெற்றுச் சரம் கொடுத்தால் தீரும். படிக்கும்போதும் அப்படியே கொடுங்கள். முகவரிப் பத்திக்குள் வரி உடைத்து எழுதியிருந்தால் அது கெடாமல் வரும்.

நான்காவது அடையாள அட்டை எண். இதற்குப் பைத்தான் பொறுப்பல்ல, ஆனால் புகார் நிரல் எழுதியவரிடம்தான் வரும். ஐசி எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு முதலில். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தவுடன் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். அதற்கு முன் பிறந்தவர்களின் எண் முழு 12 இலக்கம் என்பதால், 8.5 பெருக்கல் பத்தின் அடுக்கு 11 என்கிற பாணியில் சுருங்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கிய வடிவம்தான் கோப்பில் போகும், பின் இலக்கங்கள் போனது போனதுதான். பூஜ்யம் மட்டும் போயிருந்தால் இசட்ஃபில் 12 என்று போட்டு மீட்டுவிடலாம்.

தடுக்க எளிய வழி, எண்ணை அட்டையில் உள்ளதுபோல் இரண்டு சிறு கோடுகளோடு சேமிப்பது. கோடு இருந்தால் எக்செல் அதை எண்ணாகப் பார்க்காது. பாண்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் டிடைப் என்ற இடத்தில் அந்தப் பத்தியைச் சரம் என்று சொல்ல வேண்டும். பைத்தானின் சொந்த சிஎஸ்வி எப்போதும் சரமாகவே கொடுக்கும்.

அறிகுறி: எழுதப் போன கோப்புக்கே ‘கோப்பு இல்லை’ என்று பிழை

புதிதாக உருவாக்கும் கோப்புக்கு ஃபைல்நாட்ஃபவுண்ட் பிழை ஏன் வர வேண்டும்? கோப்புறை இல்லாததால். அந்தக் கோப்புறையை நாம் கேட்கவே இல்லையே என்றால், ரசீதில் உள்ள பெயரைப் பாருங்கள்.

‘ரவி ஏ/எல் முனியாண்டி’. அடையாள அட்டையில் நம்மவர் பெயருக்கு நடுவே வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதில் உள்ள சாய்வுக்கோடு, கணினிக்குக் கோப்புறைப் பிரிப்பான். லினக்ஸிலும் அப்படித்தான், விண்டோஸிலும் அப்படித்தான். நிரல் ‘ரவி ஏ’ என்ற கோப்புறையைத் தேடி, அதற்குள் ‘எல் முனியாண்டி’ என்ற கோப்பைப் போடப் பார்க்கிறது. வெளிநாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் இதைப் பார்ப்பது அரிது. மலேசியாவில் பெயரை வைத்துக் கோப்பு உருவாக்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே வரும்.

இதைவிட மோசம், பிழையைக் கண்டு அவசரத்தில் எம்கேடிர் ஆணையைப் பேரன்ட்ஸ் தேர்வோடு முன்னால் சேர்த்துவிடுவது. பிழை நின்றுவிடும். ‘ரவி ஏ’, ‘மாலதி ஏ’ என்று நூற்றுக்கணக்கான கோப்புறைகள் முளைக்கும், ஒவ்வொன்றிலும் தந்தை பெயரில் ஒரு ரசீது. ‘ஐஎன்வி/2024/015’ போன்ற ரசீது எண்ணும் இதே வேலையைச் செய்யும்.

பெயரைக் கோப்புப் பெயராக்கும் முன் சுத்தம் செய்ய ஒரு சிறு செயற்கூறு எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஆகாத குறிகள் ஒன்பது: முன்சாய்வுக்கோடு, பின்சாய்வுக்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறியது குறி, பெரியது குறி, செங்குத்துக் கோடு. இவற்றை எல்லாம் சிறு கோடாக மாற்றுங்கள். பெயரின் வாலில் உள்ள புள்ளியையும் இடைவெளியையும் வெட்டுங்கள். சாய்வுக்கோடு போலவே தோன்றும் வேறு யூனிகோட் குறியைப் போடும் தந்திரம் வேண்டாம், பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அதைவிட நல்லது, கோப்புக்கு உறுப்பினர் எண்ணை வைப்பது. ஐசி எண்ணை வைக்க வேண்டாம். கோப்புப் பெயர் மின்னஞ்சலிலும் வாட்சாப்பிலும் போகும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அது தேவையில்லாத வம்பு.

பெயரில் சாய்வுக்கோடு இல்லை, ஆனாலும் காணோம் என்கிறதா? கையால் ஓட்டினால் சரி, டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டினால் காணோம் என்றால், நடப்புக் கோப்புறை மாறிவிட்டது. ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ கட்டம் காலியாக இருந்தால், நிரல் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் நின்றுகொண்டு உங்கள் கோப்பைத் தேடும். நிரல் இருக்கும் இடத்தைப் பாத்லிப் மூலம் கேட்டு, அதிலிருந்து பாதையைக் கட்டுங்கள். விண்டோஸில் சரி, சர்வரில் காணோம் என்றால் எழுத்தின் அளவைப் பாருங்கள். கேமரா பேரெழுத்தில் போட்ட ஜேபிஜி, லினக்ஸுக்குச் சிற்றெழுத்து ஜேபிஜி அல்ல.

அறிகுறி: பிழை இல்லை, சில ரசீதுகளை மட்டும் காணோம்

‘ரசீது 12.50’ என்று தொகையைப் பெயரில் வைத்து, பாத்லிப்பின் வித்_சஃபிக்ஸ் கொண்டு பிடிஎஃப் வால் சேர்த்தீர்களா? அது கடைசிப் புள்ளிக்குப் பிறகு உள்ளதைப் பழைய வால் என்று எண்ணி வெட்டும். ‘.50’ போய், ‘ரசீது 12.பிடிஎஃப்’ ஆகும். 12 வெள்ளி 80 காசு ரசீதும் அதே பெயருக்கு வந்து முன்னதை அழித்துக்கொண்டு உட்காரும். வால் சேர்க்க வித்_நேம் கொண்டு, பழைய பெயரோடு ‘.பிடிஎஃப்’ஐ ஒட்டுங்கள்.

அறிகுறி: கோப்பு இருக்கிறது, அளவு 0 பைட்

இதற்குப் பல ஆட்கள் உண்டு.

கோப்பை மூடாமல் விட்டது முதல் சந்தேகம். எழுதியது முதலில் நினைவகத்தில் உள்ள இடைத்தாங்கியில் சேரும், நிறைந்தால்தான் வட்டுக்குப் போகும். நெடுநாளாக அதன் இயல்பு அளவு 8192 பைட்டாக இருந்தது. சிறு கோப்பு என்றால் மூடும்வரை 0 பைட்டாகவே தெரியும், பெரிய கோப்பு வால் அறுந்து நிற்கும். ‘வித்’ போட்டுத் திறந்தால் தானே மூடும். ஷட்டிலின் காப்பிஃபைல்ஆப்ஜ் கொண்டு நகலெடுத்த கையோடு அந்தக் கோப்பின் அளவைக் கேட்டால் குறைவாகச் சொல்வதும் இதனால்தான். அது நகலெடுக்கும், மூடுவது உங்கள் பொறுப்பு.

விண்டோஸில் பெயரில் நேரம் இருக்கிறதா? ‘ரசீது 10:30’ என்று முக்காற்புள்ளியோடு பெயர் வைத்தால், என்டிஎஃப்எஸ் வட்டு பிழை சொல்வதில்லை. ‘ரசீது 10’ என்ற 0 பைட் கோப்பை உருவாக்கி, உள்ளடக்கம் முழுவதையும் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் மாற்று ஸ்ட்ரீம் ஒன்றில் வைத்துவிடும். எக்ஸ்புளோரரில் அது தெரியாது. டிர் ஆணையை ‘/ஆர்’ தேர்வோடு ஓட்டினால் தெரியும். தரவு அழியவில்லை. அதே முக்காற்புள்ளிப் பெயரைக் கொடுத்து பைத்தானில் திறந்தால் முழுதாகப் படிக்கலாம். ஆனால் பென்டிரைவில் ஏற்றினால் அந்த ஸ்ட்ரீம் பொதுவாக உடன் வராது.

நினைவகத்திலேயே கோப்பு போல் இயங்கும் பைட்ஸ்ஐஓவில் எழுதி, அதையே மின்னஞ்சலில் இணைத்தோ மேகத்தில் ஏற்றியோ அனுப்பினால் 0 பைட் போகிறதா? எழுதி முடித்ததும் குறிமுள் கடைசியில் நிற்கிறது. படிப்பவர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார், அதற்கப்பால் ஒன்றும் இல்லை. சீக் 0 போட்டு முதலுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது கெட்வேல்யூவைக் கொடுங்கள். உள்ளே ஜிப் கட்டியிருந்தால், ஜிப்ஃபைலை மூடிய பிறகே எடுக்க வேண்டும். பொருளடக்கத்தை அது மூடும்போதுதான் எழுதுகிறது. முன்னதாக எடுத்தால் ‘இது ஜிப் கோப்பு அல்ல’ என்பார்கள்.

திறந்த கோப்பை இரண்டாம் முறை படித்தால் வெறுமையாக வருவதற்கும் இதே குறிமுள்தான் காரணம். சிஎஸ்வி ரீடரில் வரிகளை எண்ணிவிட்டு மறுபடி சுற்றினால் ஒன்றும் வராது. கோப்பில் சீக் 0 போட்டு, ரீடரைப் புதிதாக உருவாக்குங்கள்.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே பெயர், ஒப்பிட்டால் வேறு

பட்டியலில் ‘பொன்னி’, கோப்புறையில் ‘பொன்னி’. நிரல் இரண்டும் ஒன்றல்ல என்கிறது. ‘பொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸ் கொண்டு இரு பக்கத்தையும் ‘என்எஃப்சி’ என்ற, குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம் ஆக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

என்எஃப்சிக்கும் அடங்காத ஒன்று உண்டு, ஔகாரம். ‘சௌந்தரி’ என்று எழுத, சிலர் எகரக் குறி போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் இல்லை. யூனிகோடுக்கு ளகரம் ஒரு தனி எழுத்து, ஔகாரத்தின் நீட்டல் குறி வேறு, ஆகவே நார்மலைஸ் தொடாது. எகரக் குறியை அடுத்து ளகரம் வரும் இடங்களை எல்லாம் மொத்தமாக ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். தோன்றியபடி செய்தால் ‘வெள்ளி’ எல்லாம் ‘வௌ்ளி’ ஆகிவிடும், கணக்குக் கோப்பில் அதுதான் வரிக்கு வரி வரும் சொல். ளகரத்துக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை வைத்தாலும் ‘வெளவால்’ போன்ற பிழை எழுத்தையும் நல்ல சொல்லையும் தவறாமல் பிரிக்கும் என்று நம்ப முடியாது. பெயர்ப் பட்டியலில் சந்தேகமானவற்றைத் தனியாக அச்சிட்டுக் கையால் திருத்துவதே மேல்.

பெயர் நீளமும் இங்கேயே சொல்லிவிடலாம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘மகாமாரியம்மன்’ எட்டே எழுத்து, 13 குறிகள், 39 பைட். விண்டோஸ் 255 குறி வரை விடும் என்பதால், அங்கே உருவாக்கிய நீளப் பெயர் சர்வரில் ஏறும்போது எர்னோ 36 என்ற பிழை எண்ணோடு நிற்கும்.

அறிகுறி: பெர்மிஷன்எர்ரர்

விண்டோஸில் இது வந்தால், அனுமதியைப் பார்க்கும் முன் எக்செல்லைப் பாருங்கள். யாரோ அந்தக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். எர்னோ 13 என்றோ வின்எர்ரர் 32 என்றோ வரும். நிரல் ஐந்து விநாடி இடைவெளியில் மூன்று முறை முயன்று, பிறகு ‘கோப்பை மூடுங்கள்’ என்று தமிழில் சொன்னால் பாதித் தொலைபேசி அழைப்பு குறையும். எக்செல் திறந்திருக்கும்போது அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த ஒரு மறை கோப்பும் பக்கத்தில் இருக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எல்லாவற்றையும் குளோப் கொண்டு அள்ளும்போது அதைத் தவிர்க்காவிட்டால் நிரல் அதில் தடுக்கி விழும்.

டெம்ப்ஃபைலின் நேம்ட்டெம்பரரிஃபைல் கொண்டு உருவாக்கிய கோப்பை, திறந்திருக்கும்போதே அதன் பெயரால் இன்னொரு முறை திறந்தாலும் விண்டோஸில் இதே பிழை. 3.12 முதல் டெலீட்_ஆன்_குளோஸ் என்பதைப் பொய் என்று கொடுத்து, மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். முந்தைய பதிப்புகளில் டெலீட் என்பதைப் பொய்யாக்கி, வேலை முடிந்ததும் நீங்களே அழிக்க வேண்டும்.

அறிகுறி: தற்காலிகக் கோப்பை இடம் மாற்றும்போது எர்னோ 18, அல்லது மாற்றிய பின் வலைத்தளத்தில் 403

பட்டியல் பாதியில் அறுந்து போகாமல் எழுதச் சரியான வரிசை இது: இலக்குக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பு, எழுது, ஃபிளஷ், எஃப்சிங்க் (இரண்டும் எழுதியதை வட்டுக்குத் தள்ள), மூடு, பிறகு ஓஎஸ்.ரீபிளேஸ். மின்சாரம் போனாலும் பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும்.

தற்காலிகக் கோப்பைப் பொது டெம்ப் கோப்புறையில் வைத்தால், அது வேறு வட்டுப் பகுதியாக இருக்கும்போது எர்னோ 18 வரும். ஷட்டில்.மூவ் அந்தப் பிழையை மறைத்து நகலெடுத்து வைக்கும், ஆனால் நகலெடுக்கும் நேரத்தில் அறுந்தால் பழைய கதைதான். ரீபிளேஸுக்குப் பதில் ரீநேம் போட்டால், விண்டோஸில் பழைய கோப்பு இருக்கும்போது மறுத்துவிடும்.

403 வருவது இன்னொரு காரணத்தால். டெம்ப்ஃபைல் உருவாக்கும் கோப்பை உரியவர் மட்டுமே படிக்கலாம், அனுமதி 600. ரீபிளேஸ் அந்த அனுமதியையும் கூடவே கொண்டுவரும். வலைச் சர்வர் வேறு பயனர் பெயரில் ஓடுவதால் அதற்குப் படிக்க உரிமை இல்லை. மாற்றும் முன் சிஎச்மாட் கொண்டு 644 ஆக்குங்கள்.

அறிகுறி: தைப்பூசக் காணொளி மட்டும் பென்டிரைவில் ஏறவில்லை

படங்கள் எல்லாம் ஏறும், பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ எடுத்த நீளக் காணொளி மட்டும் நிற்கும், லினக்ஸில் எர்னோ 27. பென்டிரைவ் எஃப்ஏடி32. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது, பென்டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தாலும். உள்ளதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள்.

அதே பென்டிரைவில், மாறாத கோப்புகளையும் நிரல் ஒவ்வொரு முறையும் மறுபடி நகலெடுக்கிறதா? எஃப்ஏடி நேரத்தை 2 விநாடிப் படியில்தான் சேமிக்கும். நேரம் சமமா என்று கேட்காமல், வித்தியாசம் 2 விநாடிக்குள்ளா என்று கேளுங்கள். நகலெடுப்பது ஷட்டிலின் காப்பி2ஆக இருக்கட்டும், வெறும் காப்பி பழைய நேரத்தைக் கொண்டுபோகாது.

அறிகுறி: திரையில் தமிழ் சரி, கோப்புக்குத் திருப்பினால் பிழை

விண்டோஸ் திரைக்கு எழுதும்போது பைத்தான் 3.6 முதல் யூனிகோடையே பயன்படுத்துகிறது. வெளியீட்டைக் கோப்புக்கோ அடுத்த நிரலுக்கோ திருப்பினால் பழைய 1252க்குப் போய்விடும். நிரலின் தலையில் சிஸ்.எஸ்டிடிஅவுட்டின் ரீகான்ஃபிகர் கொண்டு என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்குங்கள்.

அறிகுறி: காலைக் கோப்பில் நேற்றைய தேதி

நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை உருவான கோப்புகளில் மட்டும் ஒரு நாள் பின்தங்கினால், சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். ஜோன்இன்ஃபோவில் ‘ஆசியா/கோலா_லம்பூர்’ மண்டலத்தைக் கொடுத்து நேரத்தைக் கேளுங்கள். விண்டோஸில் மண்டலம் கிடைக்கவில்லை என்றால் டிஇசட்டேட்டா தொகுப்பை நிறுவ வேண்டும்.

8 மணியை நிரலில் கையால் கூட்டிவிடும் வழக்கம் இன்றைய ரசீதுக்குப் போதும். ஜாதகக் கோப்புகளைக் கையாளும் நிரலுக்கு ஆகாது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் எட்டு மணிக்கு மாறியது, அதற்கு முன் ஏழரை. 1975இல் பிறந்தவருக்கு எட்டைக் கழித்தால் அரை மணி நேரம் பிசகும், லக்னம் மாறவும் கூடும். ஜோன்இன்ஃபோவுக்கு இந்த வரலாறு தெரியும்.

அறிகுறி: ஜிப்பைப் பிரித்தால் பெயர்கள் குப்பை, அல்லது பழைய கோப்பு எதிலுமே திறக்கவில்லை

சில ஜிப் மென்பொருள்கள் பெயரை யூடிஎஃப்-8இல் எழுதிவிட்டு, அப்படி எழுதியதற்கான கொடியை வைக்க மறந்துவிடும். கொடி இல்லாவிட்டால் ஜிப்ஃபைல் 437 என்ற பழைய அட்டவணையில் படிக்கும். 3.11 முதல் மெட்டாடேட்டா_என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 கொடுக்கலாம். முந்தைய பதிப்பில், பெயரை 437இல் என்கோட் செய்து யூடிஎஃப்-8இல் டிகோட் செய்யுங்கள். 437இல் காலி இடம் எதுவும் இல்லை, ஆகவே முழுதாக மீளும்.

பழைய கோப்பு வேறு வகை. மலேசியத் தமிழ் அலுவலகங்களில் யூனிகோடுக்கு முந்தைய காலத்து ஆண்டு மலர்களும் உறுப்பினர் பட்டியல்களும் இன்னும் இருக்கின்றன, கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டியவை பல. அவை திஸ்கியிலோ அதற்கும் முந்தைய குறியாக்கத்திலோ இருக்கும். யூடிஎஃப்-8இல் திறந்தால் பிழை, 1252இல் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள். பைத்தானோடு வரும் கோடெக்குகளில் (குறியாக்க மாற்றிகளில்) திஸ்கி இல்லை. லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்ற மாற்றும் ஆணைக்குத் திஸ்கி தெரியும். அதை வைத்து யூடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டுப் பைத்தானுக்குக் கொடுங்கள்.

எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால், வேர்டு கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயர் துப்புக் கொடுக்கும். வெறும் உரைக் கோப்பு என்றால் முதல் இருபது வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ நான்கும் சரியாக வந்தால் மீதியையும் மாற்றலாம். கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றால் குறியாக்கம் தவறு. மாற்றியதை வேறு பெயரில் சேமித்து, வரிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள்.